நிறுத்தத் தெரிந்த மின்னேற்றி

பெரகலச் சந்தியை அறியாத மலையகத்தார் மிகச் சிலரே. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் நெடுஞ்சாலை இங்கே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறிச் செல்ல, மற்றையது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயை நோக்கி இறங்குகின்றது. இச்சந்திக்கு அணித்தாக உள்ள ஓர் அரசினர் பாடசாலையில் நான் அதிபராகப் பணியாற்றி வருகின்றேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கமராவுக்குரிய மின்கலங்களை விரைவாக ஏற்றும் மின்னேற்றியை, அதாவது நாம் 'சார்ஜர்' என்று சொல்லும் கருவியை, எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதாகும். நான் கற்றவை தமிழும் வரலாறும், மின்னியலன்று. ஆயின், இக்கருவியைப் பற்றி நான் அறிந்தவற்றைப் பிழைசெய்து அறிந்தேன். அப்பிழையை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

எங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த கமரா ஒன்று உண்டு. கடையிலே 'டபிள் ஏ' என்று கேட்டு வாங்கும் விரற்கனமுள்ள மின்கலங்கள் நான்கினால் அஃது இயங்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒக்டோபர் முதலாந் திகதி, சிறுவர் தினத்தையும் முதியோர் தினத்தையும் ஒருங்கே கொண்டாடினோம். மேற்கணக்குத் தோட்டத்திலிருந்து, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பாட்டியார் வந்திருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து கொய்தவர். அடையாள அட்டையில் உள்ள படத்தைத் தவிர அவருக்கு வேறு படம் இல்லை. பேர்த்தியின் கையைப் பற்றிக்கொண்டு, புதுச்சேலை உடுத்துப் படத்துக்கு நின்றார். கமரா ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்து போயிற்று.

முதல்நாள் மாலை, நகரத்துக் கடையொன்றில் வாங்கிய விரைவு மின்னேற்றியில் நானே அம்மின்கலங்களை இட்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஏற்றி முடிப்பதாகப் பெட்டியில் எழுதியிருந்தது. ஒரு மணியில் பச்சை விளக்கும் எரிந்தது. கலங்களோ தொடமுடியாத சூடாயிருந்தன. சூடு ஏறினால் மின்சாரமும் ஏறியிருக்கும் என்று எண்ணினேன். அடுத்த கிழமை தோட்டத்துக்கே வந்து படம் எடுப்பதாகப் பாட்டியாரிடம் சொன்னேன். மழை தொடங்கிற்று, பாதை வழுக்கிற்று, ஒரு கிழமை ஒரு மாதமாயிற்று. அதற்குள் அவர் காலமானார். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து வீட்டிலே வைத்திருக்கின்றார்கள். அதில் அவர் சிரிக்கவில்லை.

ஒரு படத்துக்கு இத்துணைப் பெருமையா என்று சிலர் வினவக்கூடும். ஜூலியா மார்கரெட் கமெரன் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் 1875 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தார். 1879 இல் இம்மலைநாட்டிலேயே இறந்து, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். மருந்து பூசிய கண்ணாடித் தட்டுகளிலே தோட்டத் தொழிலாளரையும் அவர் படம் பிடித்தார். முகங்கள் எஞ்சியிருக்கின்றன, அம்முகங்களுக்கு உரியவர் பெயர்களோ பெரும்பாலும் நம்மிடம் இல்லை. இனி, நம் காலத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில், பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைக்குச் செல்லும் வழியிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. உயிர்களோடு, சுவரிலே தொங்கிய படங்களும் மண்ணுக்குள் போயின. எழுதிவைத்த வரலாறு அதிகம் இல்லாத மக்களுக்கு ஒரு படம் ஓர் ஏட்டுக்கு நிகர். ஆதலின், அதை எடுக்கும் கருவி வேண்டும் வேளையில் அணையலாகாது.

இனி, மின்கலத்தின் இயல்பைச் சிறிது பார்ப்போம். மீண்டும் ஏற்றக்கூடிய சிறு கலங்களிலே முதலில் பரவியது நிக்கல் கட்மியக் கலமாகும். 1899 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வால்டமார் யுங்னர் அதனை அமைத்தார். கட்மியம் நஞ்சாதலாலும், கொள்ளளவு குறைவாதலாலும், இன்று அதனிடத்தை நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலம் பிடித்துள்ளது. சாதாரண உலர்கலத்துக்கு 1.5 வோல்ற்று எனின், இதற்கு 1.2 வோல்ற்று. குறைவென்று எண்ணற்க. கமரா ஒரே மூச்சில் மிகுந்த மின்னை இழுக்கும் கருவி. அவ்விழுப்புக்கு உலர்கலம் விரைவில் தளர்ந்துவிடும். ஐதரைட்டுக் கலமோ தன் அழுத்தத்தைப் பெரிதுங் குறையாது காத்து நிற்கும்.

கலத்தின் மேல் 2000 மில்லி அம்பியர் மணி என்றோ அதற்கு அண்மித்தோ ஓர் எண் இருக்கும். அது கலத்தின் கொள்ளளவு. மின்னேற்றியின் மேலும் ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு கலத்துக்கும் அஃது ஊட்டும் மின்னோட்டத்தின் அளவு அது. கொள்ளளவை மின்னோட்டத்தால் வகுத்து, சிறிது கூட்டிக்கொண்டால், ஏறுவதற்கு ஆகும் நேரம் வரும். 2000 கொள்ளளவுள்ள கலத்தை 200 மில்லி அம்பியரில் ஏற்றினால் 14 முதல் 16 மணி நேரம் ஆகும். 1000 மில்லி அம்பியரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2000 மில்லி அம்பியரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பதினைந்து நிமிடத்தில் ஏற்ற வேண்டுமாயின் 8 அம்பியர் செலுத்த வேண்டும். அதற்கு விசிறி பொருத்திய கருவியும் அதற்கென ஆக்கிய கலங்களும் வேண்டும்.

கலம் நிறைந்தபின் என்ன நிகழ்கின்றது? இதுவே நாம் கருதவேண்டிய இடம். நிறைந்த கலத்துக்குள் மேலும் செலுத்தப்படும் மின்சாரம் சேமிக்கப்படுவதில்லை. உள்ளே ஒட்சிசன் வாயுவைப் பிறப்பித்து, வெப்பமாக மாறுகின்றது. மெல்லிய மின்னோட்டமாயின் கலம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். விரைவு மின்னேற்றியின் வெள்ளத்தை அதனாற் பொறுக்க இயலாது. உள்ளழுத்தம் மிகுந்து, காப்புத் துவாரம் திறந்து, உள்ளிருக்கும் திரவம் கசியும். கலத்தின் ஆயுளும் அவ்வளவில் குறையும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அன்றோ?

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவருக்கு இதை விளக்குவது எளிது. அரைத்த கொழுந்தைப் பரப்பி நொதிக்க விடும்போது, 'டீமேக்கர்' அதனருகே நிற்பார். நிறத்தைக் கண்ணாலும் மணத்தை மூக்காலும் அறிந்து, உரிய கணத்தில் அடுப்புக்கு அனுப்புவார். சற்றுப் பிந்தினாலும் நாள் முழுதும் பெண்கள் கொய்த கொழுந்து பாழ். அவருடைய திறமை வேகத்தில் இல்லை. நிறுத்தவேண்டிய கணத்தை அறிவதில் உள்ளது. நல்ல மின்னேற்றியும் அத்தகையதே.

அக்கணத்தை அது எவ்வாறு அறிகின்றது? ஏற்றம் மிகுந்துவர, கலத்தின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல உயரும். நிறைந்ததும் ஓர் உச்சியைத் தொட்டு, சில மில்லி வோல்ற்று அளவு கீழிறங்கும். பனிமூட்டத்தில் மலை கடப்பவன் உச்சியைக் கண்ணாற் காணான். முதல் இறக்கத்தில் கால் வைத்தவுடன் கடந்துவிட்டேன் என்று அறிவான். அவ்வாறே நல்ல மின்னேற்றி அச்சிறு இறக்கத்தை அறிந்து நிறுத்துகின்றது. சூட்டை அளக்கும் உணரி ஒன்றும், எல்லாந் தவறினால் நிறுத்துதற்கு நேரக்கணிப்பு ஒன்றும் அதில் இருக்கும். மிக மெதுவாக ஏற்றினால் இவ்விறக்கம் தெளிவாகத் தோன்றாது. மிக விரைந்தாற் சூடு மிகும். எனவே கொள்ளளவில் ஏறத்தாழ அரைப்பங்கு மின்னோட்டத்தில், இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏற்றுங் கருவி நமக்குப் போதியது.

நான் வாங்கிய கருவியிலோ நேரக்கணிப்பு மட்டுமே இருந்தது. கலங்களையும் அஃது இரண்டிரண்டாகச் சேர்த்தே ஏற்றிற்று. நான் இட்ட நான்கில் சில பாதி நிறைந்தவை, சில வெறுமையானவை. நிறைந்தது வெந்தது, வெறுமையானது பசியோடு நின்றது. நால்வர் சுமக்கும் பல்லக்கில் ஒருவர் இளைத்தாற் பல்லக்கே இறங்கவேண்டியதுதான். கமரா அணைந்த காரணம் இதுவே.

விரைவு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரையில் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளிலே 16 மணி நேர மின்னேற்றியால் யாது பயன்? ஆயின் ஒன்றைக் கவனியுங்கள். நேரக்கணிப்பு மட்டுமுள்ள கருவி, மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். முக்காற்பங்கு நிறைந்த கலத்துக்கு முழுப்பங்கையும் மறுபடி ஊட்டும். ஆகவே மின்வெட்டு மிக்க இடங்களுக்கே நிறுத்தத் தெரிந்த கருவி மிகவும் இன்றியமையாதது.

கடையில் நின்று எவற்றை நோக்கவேண்டும்? முதலாவது, நான்கு கலங்களுக்கும் நான்கு தனி விளக்குகள் உண்டா, ஒற்றைக் கலத்தை மட்டும் இட்டால் ஏற்றுமா என்று பாருங்கள். இரண்டிரண்டாகவே இடவேண்டுமாயின் அதனை வாங்கற்க. இரண்டாவது, ஒவ்வொரு கலத்துக்கும் ஊட்டும் மின்னோட்டம் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அவ்வெண்ணை எழுதாது, 'அதிவேகம்' என்று மட்டும் எழுதிய பெட்டியை ஐயுறுக. மூன்றாவது, உள்ளே வரும் மின்னழுத்தம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வெளிநாட்டில் வேலை செய்யும் தாய்மார் அன்போடு அனுப்பும் கருவிகளில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் அச்சமில்லை. 100 அல்லது 110 மட்டும் எழுதியிருந்தால் சுவரிலே செருகலாகாது. நான்காவது ஒரு பரீட்சை உண்டு. நன்கு ஏற்றிய கலமொன்றை மீண்டும் மின்னேற்றியில் இடுங்கள். நிறுத்தத் தெரிந்த கருவியாயின் சில நிமிடங்களில், கூடினாற் கால் மணி நேரத்தில், 'போதும்' என்று விளக்கைக் காட்டும். நிறைந்த கலத்துக்கும் ஒரு மணி நேரம் ஊட்டுமாயின், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்றைய கமராக்கள் பலவற்றில் உள்ளது இலிதியம் அயன் கலமாகும். 1991 ஆம் ஆண்டில் அது சந்தைக்கு வந்தது. அதனை உருவாக்கிய அறிஞர் மூவருக்கு 2019 ஆம் ஆண்டில் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அதன் இயல்பு முற்றிலும் வேறு. பொதுவாக, கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ற்றுக்கு மேல் அதனை ஏற்றலாகாது. நிக்கல் கலத்துக்குரிய மின்னேற்றியில் இலிதியக் கலத்தை இடுவது தீயோடு விளையாடுவதாகும். அதற்கெனக் கமராவோடு வந்த கருவியையோ, அதே கலத்துக்கென்று பெயர் குறித்து விற்கும் தரமான கருவியையோ மட்டும் பயன்படுத்துக. வீங்கிய கலத்தை ஏற்றவே கூடாது.

நம் மலைப்பகுதிக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. பனியில் குளிர்ந்த கலத்தை உடனே விரைவு மின்னேற்றியில் இடாது, அறையின் வெப்பத்துக்கு வந்தபின் இடுங்கள். ஈரம் படிந்த முனைகளை உலர்ந்த துணியாற் துடையுங்கள். இடிமின்னல் தொடங்கியதும் கருவியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். லயத்து அறைகளிலே இடம் குறைவு; அதற்காக மெத்தையின் மேலோ தலையணையின் கீழோ வைத்து ஏற்றாதீர்கள். சீமெந்துத் தரையில், எரியும் பொருள் அருகில் இல்லாமல், விழித்திருக்கும் வேளையில் ஏற்றுங்கள்.

இறுதியாக ஒன்று. விரைவு நமக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஆயத்தம் இல்லாமையாலேயே. பழைய ஐதரைட்டுக் கலங்கள் பெட்டியில் கிடந்தாலும் மாதந்தோறும் ஏற்றத்தில் ஒரு நல்ல பங்கை இழந்துவிடும். 2005 ஆம் ஆண்டில் யப்பானின் சன்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் வெளியிட்ட கலவகை, ஓராண்டு கிடந்தாலும் ஏற்றத்தின் பெரும்பங்கைக் காத்துவைக்கும். அவ்வகைக் கலங்களை இன்று வேறு பலரும் ஆக்குகின்றனர். அத்தகைய கலங்கள் நான்கை முன்னரே ஏற்றி வைத்துக்கொண்டால், அதிவேகக் கருவிக்கு நாம் கொடுக்கும் பணமும் மிஞ்சும்.

இப்பொழுது எங்கள் பாடசாலையிலே எட்டுக் கலங்கள் உள்ளன. நான்கு கமராவில், நான்கு அலுமாரியில். இரண்டரை மணி நேரத்தில் ஏற்றி, தானே நிறுத்திக்கொள்ளும் மின்னேற்றி ஒன்றும் உண்டு. ஒக்டோபர் முதலாந் திகதி வரும்போது, பேச்சுகளுக்கும் தேநீருக்கும் முன்னர், வந்திருக்கும் முதியோரை ஒவ்வொருவராக இருத்திப் படம் எடுக்கின்றோம். படத்தின் பின்னே அவர்தம் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் மாணவர் எழுதுகின்றனர். அன்று ஐந்தாம் ஆண்டில் இருந்த அப்பேர்த்தி இப்பொழுது உயர் வகுப்பு மாணவி. கமராவைப் பிடிப்பவள் அவளே. படம் எடுக்குமுன் கலங்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பின்னர், "சிரிங்க பாட்டி" என்பாள்.