ஆலோசனை என்னும் ஒரு சொல்



கிள்ளானில் சிலாங்கூர் சுல்தானின் இஸ்தானா ஆலம் ஷா இருக்கிறது. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து சற்றுத் தொலைவில், நாடாளுமன்றக் கட்டடம் இருக்கிறது. ஒன்று அரண்மனை, மற்றொன்று மக்கள் பிரதிநிதிகள் கூடும் மன்றம். ஆட்சி அதிகாரம் முன்னதிலிருந்து பின்னதற்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இன்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் இம்மாற்றம் மெல்ல நடந்தது. நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி அரசர் வரி விதிக்கக்கூடாது என்று 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கூறியது. 1708-இல் ஆன் அரசியார் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். அதன்பின் இன்றுவரை அங்கே எந்த அரசரும் மறுத்ததில்லை. மறுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வழக்கமே சட்டம்போல் ஆயிற்று.

நம் நாட்டின் கதை வேறு. 1874 ஜனவரியில் பேராக்கில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சமயம், மலாய் வழக்கம் ஆகிய இரண்டும் நீங்கலாக, மற்றெல்லாவற்றிலும் சுல்தான் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்கவேண்டும் என்றது அது. விரைவிலேயே சுல்தான் அப்துல் சமாது ஆண்ட சிலாங்கூருக்கும் ரெசிடெண்ட் வந்தார். பெயர்தான் ஆலோசனை, வரி வசூலும் நிர்வாகமும் அவர் கைக்குப் போயின. அதிகாரம் அரண்மனையை விட்டு வெளியேறியது உண்மை. ஆனால் அது மக்களிடம் வரவில்லை.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுகளுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. மாமன்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்படவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 40-ஆம் விதி. கவனியுங்கள், அதே 'ஆலோசனை' என்ற சொல்தான்! ஆனால் ஆலோசனை கூறுபவர் மாறிவிட்டார். ரெசிடெண்டை நியமித்தது காலனி அரசாங்கம். பிரதமருக்கோ மக்களவையில் பெரும்பான்மை வேண்டும். அந்த மக்களவையை அமைப்பவர்கள் வாக்காளர்கள்.

எனினும் ஒரு கேள்விக்கு அன்று தெளிவான விடை எழுதப்படவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் மாமன்னர் கையொப்பமிடாவிட்டால் என்ன செய்வது? 1983-இல் அரசாங்கம் இதற்கென ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஆட்சியாளர்கள் அதை எதிர்த்தார்கள். பல மாதங்கள் ஒப்புதல் கிட்டவில்லை. இறுதியில் சமரசம் பிறந்தது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மாமன்னர் மசோதாவை 30 நாட்களுக்குள் காரணங்களோடு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் நிறைவேறினால், 30 நாட்களுக்குப் பின் அது சட்டமாகிவிடும். 1994-இல் திருப்பி அனுப்பும் வாய்ப்பும் நீக்கப்பட்டது. இங்கிலாந்தில் வழக்கமாக இருப்பது, இங்கே நாள் கணக்கோடு எழுத்தில் இருக்கிறது.

அப்படியானால் அரசர் வெறும் அலங்காரமா? இல்லை. ஆட்சியாளர்களின் சிறப்புரிமைகளைத் தொடும் சட்டத்துக்கு ஆட்சியாளர் மன்றத்தின் சம்மதம் வேண்டும். நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி பிரதமர் கேட்டால் மாமன்னர் மறுக்கலாம். பெரும்பான்மை யாருக்கு உண்டு என்று முடிவு செய்து பிரதமரை நியமிப்பவரும் அவரே. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் எந்த அணிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அப்போது மாமன்னராக இருந்த பகாங் சுல்தான் அப்துல்லா, கட்சித் தலைவர்களோடு பேசியபின் நவம்பர் 24-இல் அன்வார் இப்ராஹிமைப் பிரதமராக நியமித்தார். மக்கள் தீர்ப்பு தெளிவாக இருக்கும்போது இந்த அதிகாரம் வெளியே தெரிவதில்லை. தெளிவு குறையும்போது அதன் எடை கூடுகிறது.

நேயர்களே, அரண்மனையிலிருந்து ரெசிடெண்டுக்கும், அவரிடமிருந்து நாடாளுமன்றத்துக்கும் வந்த அதிகாரத்தின் வேர் இன்று வாக்காளர் விரலில் இருக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். 'குடிமக்கள்' என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமை எய்திய தோட்டத்துப் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. இந்த நீண்ட பயணத்தின் பயன் அவர்களை எட்டவில்லை. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவரும் நாளில்தான் பத்திரம் இல்லை என்பது தெரியவருகிற குடும்பங்களைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம்.

ஆகவே, பிள்ளை பிறந்தவுடன் பதிவு செய்யுங்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் அடையாளக் கார்டில் முகவரியை மாற்றுங்கள். நாட்டுக்கு ஆலோசனை கூறும் உரிமை அந்தச் சிறு அட்டையிலிருந்துதான் தொடங்குகிறது.