கூகைக்கு ஒரு பெட்டி வையுங்கள்



பெருங்களத்தூரை அடுத்த முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் அடையாற்றங்கரையில் வயல் வைத்திருப்பவர்களுக்கு எலித் தொல்லை புதிதல்ல. வெள்ளை முகக் கூகை ஒரு ராத்திரியில் ஒன்றிரண்டு எலியைப் பிடிக்கும். குஞ்சு இருந்தால் இன்னும் கூடுதல். சாக்குருவின்னு சொல்லி அதைக் கல்லால் அடிக்காதீங்க. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட.

கூகை தானாகக் கூடு கட்டாது, பொந்து போன்ற இடத்தில்தான் முட்டையிடும். கரையோரத்துப் பழைய மரத்தை வெட்டிவிட்டால் அது எங்கே போகும்? மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் மரப்பெட்டி வைத்தே கூகையைக் குடியமர்த்தியிருக்கிறார்கள்.

முதலில் கணக்கெடுங்க. பொழுது சாயும் நேரம் கரையோரம் நடந்து, எந்தப் பொந்தில் எந்தப் பறவை என்று நோட்டில் குறியுங்கள். மரத்தடியில் எலி மயிரும் எலும்பும் சேர்ந்த உருண்டை கிடந்தால் மேலே ஆந்தையோ கூகையோ இருக்குன்னு அர்த்தம்.

பொந்து இல்லாத இடத்தில் பெட்டி வையுங்கள். நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, வாசல் ஆறு அங்குலம். மழைத்தண்ணி இறங்காதபடி பன்னிரண்டு அடி உயரத்தில் கட்டுங்க. மைனா குடிவந்தாலும் விரட்டாமல் எழுதி வையுங்கள். முட்டை இருக்கையில் திறந்து பார்க்காதீங்க.

ஒன்று முக்கியம். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் செத்துப்போகும். அதனால் பெட்டி வைத்த வயலில் எலி மருந்தை விட்டு, தஞ்சாவூர் கிட்டி வையுங்கள்.