மகாவீராசாரியரும் ஒரு பீப்பாய்த் தண்ணீரும்

(மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று தாங்கள் வினவலாம். பணி ஓய்வுக்குப் பின், திருவொற்றியூரில் என் வீட்டுக்கு மாலைதோறும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் வருகின்றனர். செய்யுள் கேட்பார் சிலர். கணக்குக் கேட்பாரே பலர்.

துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகள், ஆறாம் வகுப்பு மாணவி. அவளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். நிறைந்த பீப்பாய்த் தண்ணீரில் காலையில் 1/4 பங்கும் மாலையில் 1/6 பங்கும் செலவாயின, மொத்தம் எவ்வளவு? மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டி, 2/10, அதாவது 1/5 என்றாள். தவறு என்று நான் சொல்லவில்லை.

"காலையில் மட்டும் எவ்வளவு, அம்மா?"

"கால் பங்கு, ஐயா."

"நாள் முழுதும்?"

"ஐந்தில் ஒரு..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கால் பங்கைவிட ஐந்தில் ஒரு பங்கு சிறிதன்றோ! "மாலையில் பீப்பாயில் தண்ணீர் ஊறிற்றா, ஐயா?" என்று அவளே சிரித்தாள்.

பிறகு வரிவரியாக எழுதினோம். 4 என்பது 2×2. 6 என்பது 2×3. இரண்டுக்கும் பொதுவானது 2. எஞ்சியவை 2, 3. இம்மூன்றையும் பெருக்க 12. 1/4 என்பது 3/12, 1/6 என்பது 2/12, கூட்ட 5/12.

இவ்வழியைத் தம் நூலில் விதியாக வகுத்தவர் நம் சமயத்தவரான மகாவீராசாரியர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கி.பி. 850 அளவில், 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலை இயற்றியவர். மீச்சிறு பொது மடங்கை அவர் 'நிருத்தம்' என்றார். அந்நூலை மு. ரங்காசாரியார் ஆங்கிலத்தில் பெயர்க்க, 1912இல் இதே சென்னையின் அரசு அச்சகம் வெளியிட்டது. நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவோம்?

தமிழ் வழக்கிலும் இது புதிதன்று. மாகாணி என்னும் சொல்லே ஒரு கூட்டல். மா 1/20, காணி 1/80. மாவை 4/80 ஆக்கிக் காணியைக் கூட்ட 5/80, சுருக்க 1/16. அதுவே மாகாணி. சொல்லைப் பிரித்தால் கணக்கு வந்துவிடுகிறது. தமிழாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

நம் பெற்றோரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விடை சரியா என்று மட்டும் பார்த்து, நோட்டை மூடிவிடுகின்றனர். இடைவரிகளைப் படிப்பாரில்லை. பிள்ளை எங்கே வழுக்கிற்று என்பது அங்கேதான் தெரியும்.

பெரியோர்க்கும் வழுக்கல் உண்டு. ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அது மாறாது என்று மகாவீராசாரியர் எழுதினார். இதை மேடையில் சொல்வதா என்று தயங்கினேன். மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அம்மாணவியிடமும் சொன்னேன்.

"சரிபார்ப்போமா, ஐயா?" என்றாள். 12ஐச் சுழியத்தால் வகுத்தால் 12 எனில், அந்த 12ஐச் சுழியத்தால் பெருக்க மீண்டும் 12 வரவேண்டும். வருவதோ சுழியம். எதையும் சுழியத்தால் பெருக்கினால் சுழியமே என்பதும் அதே ஆசாரியர் சொன்ன விதிதான்.

"அப்படியானால் அவர் கணக்கை வைத்தே அவரைத் திருத்தினோமா?" என்று கேட்டாள். அன்று முதல் ஒவ்வொரு வகுத்தலின் கீழும் பெருக்கிப் பார்த்து ஒரு வரி எழுதி வருகிறாள்.