இறந்தவர் சொன்ன சொல்



அருங்காட்சியகப் பேழையில் எகிப்திய மன்னனின் பதனிட்ட உடலைக் காண்பவர் உள்ளத்தில் வியப்பும் கூச்சமும் ஒருங்கே எழுவதுண்டு. 1980ஆம் ஆண்டு எகிப்திய அதிபர் அன்வர் சதாத், கெய்ரோ அருங்காட்சியகத்தில் அரச மம்மிகள் வைக்கப்பெற்றிருந்த கூடத்தை மூடச் செய்தார். 1994இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகட்கு முன் மறைந்தவரின் விருப்பத்தை யார் அறிவார் என்று காட்சிக்கு வைப்போர் கேட்பது வழக்கம். கல்லறையை அடைத்து முத்திரையிட்டதினும் தெளிவான விருப்பம் வேறு என்ன வேண்டுமோ தெரியவில்லை! அது நிற்க. தம் விருப்பத்தை வாய்திறந்து கூறிச் சென்ற ஒருவரும் அருங்காட்சியகத்திற்குத் தப்பவில்லை என்பதையே இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர் பெயர் சார்லஸ் பைர்ன். அயர்லாந்தின் வடபகுதியில் 1761இல் பிறந்தவர். ஏழடி ஏழங்குலம் வளர்ந்த அவர், 1782இல் இலண்டன் சேர்ந்து, காசு கொடுப்போர்க்குத் தம்மையே காட்டிப் பிழைத்தார். அவ்வுயரம் நோயால் வந்தது. உடல் விரைவில் தளர்ந்தது. உடற்கூற்று வல்லுநர்கள் தம் பிணத்தின்மேல் கண் வைத்திருப்பதை அவர் அறிந்திருந்தார். அந்நாளில் தூக்கிலிடப்பட்ட கொலைக் குற்றவாளிகளின் உடல்கள் அறுப்பு மேசைக்கு அனுப்பப்பட்டன. எனவே அறுக்கப்படுவது இழிவாகவும் கருதப்பட்டது. ஆகவே, தம்மை ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிடுமாறு நண்பர்களை வேண்டிக்கொண்டார். 1783 ஜூன் மாதம், இருபத்திரண்டாம் அகவையில் இறந்தார்.

கடலுக்குச் செல்லும் வழியில் பணம் கைமாறியது. பெட்டிக்குள் கற்களை நிரப்பினர் என்பர். உடலோ அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரின் இல்லம் சேர்ந்தது. கொப்பரையிலிட்டுக் கொதிக்கவைத்துத் தசை நீக்கப்பட்ட எலும்புக்கூடு, சில ஆண்டுகள் கழித்துக் காட்சிக்கு வந்தது. பின்னர் இலண்டன் அறுவை மருத்துவக் கல்லூரியின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது நின்றது.

மருத்துவர் தரப்பிலும் நியாயம் உண்டு. 1909இல் ஹார்வி குஷிங் அம்மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோது, மூளையடியில் பிட்யூட்டரி சுரப்பி அமையும் குழி பெருத்திருந்தது. 2011இல் வெளியான ஆய்வு, பல்லிலிருந்து எடுத்த மரபணுவைக் கொண்டு, வட அயர்லாந்தில் இன்றும் அந்நோய் காணும் குடும்பங்களோடு பைர்னுக்குள்ள உறவைக் காட்டியது. நோயை முன்கூட்டியே கண்டறிய அது துணைபுரிந்தது. இப்பயனைத் தள்ளிவிடுவதற்கில்லை. எனினும், ஆய்ந்தவர்க்கு வேண்டியிருந்தவை மண்டையோடும் பல்லுமே. விளக்கொளியும் பார்வையாளர் கூட்டமும் அவ்வாய்வுகளில் எதற்கும் தேவைப்படவில்லை.

2011 டிசம்பரில் லென் டாயல், தாமஸ் முயின்சர் என்னும் இருவர், பைர்னின் எலும்புகளைக் கடலிலேயே சேர்த்திடல் வேண்டும் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அவரைப் பற்றி 1998இல் நாவல் படைத்த ஹிலாரி மான்டெல், எலும்புகள் அயர்லாந்துக்குத் திரும்பவேண்டும் என 2020இல் குரல் கொடுத்தார். நல்லெண்ணம்தான், ஆனால் பைர்ன் கேட்டது கடலை. அவருக்காகப் பரிந்து பேசுவோரும் அவர் சொல்லைச் சற்றே திருத்திக்கொள்கின்றனர்!

2017இல் புதுப்பித்தலுக்காக மூடப்பட்ட அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டபோது எலும்புக்கூடு காட்சியில் இல்லை. ஆய்வின் பொருட்டு உள்ளே வைத்துக்கொள்வதாக அறிவித்தனர். பாதி நீதி என்றே இதனைக் கொள்ளவேண்டும். பைர்ன் அஞ்சியது பார்வையாளரைவிட மருத்துவரையன்றோ? எலும்புக்கூடு நின்ற இடத்தில் இப்போது ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1786இல் வரைந்த ஹண்டரின் உருவப்படம் இடம்பெற்றுள்ளது. ஹண்டர் சிந்தனையில் ஆழ்ந்து அமர்ந்திருக்கிறார். படத்தின் மேல்மூலையில் நீண்ட இரு கால் எலும்புகள் தொங்குகின்றன. அவை பைர்னுடையவை.