பள்ளிக்கூடம் போன அம்மா

(தாராவியில் ஒரு படிப்பு மையத்தின் மாலை வகுப்பில் பேசியது)



இன்றைக்குப் பாடம் கிடையாது. ஒரு கதை சொல்லப் போகிறேன். இது கட்டுக்கதை அல்ல. நடந்த கதை.

கதைக்கு முன்னால் ஒரு விஷயம். நம் வகுப்பில் ஓர் அக்கா இருபது நாட்களாக வரவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். நேற்றுதான் வந்தார். வந்தவர் உள்ளே உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"நீங்க எல்லாம் கால், கொம்பு எல்லாம் முடிச்சிட்டீங்க. நான் இன்னும் பழைய எடத்துலயே நிக்கிறேன். இனிமே எனக்கு எதுக்குத் தம்பி படிப்பு?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி முழுக்க யோசித்தேன். அப்போது இந்தக் கதை ஞாபகம் வந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு பையன் இருந்தான். பெயர் விஜய் அமிர்தராஜ். 1953-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி பிறந்தான். அவனுக்கு ஆனந்த் என்று ஓர் அண்ணன். அசோக் என்று ஒரு தம்பி.

விஜய்க்குச் சின்ன வயதிலேயே நுரையீரலில் நோய். அடிக்கடி மூச்சுத் திணறும். வீட்டில் இருந்த நாட்களைவிட ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் அதிகம் என்று சொல்லலாம். பிறகு பள்ளிக்கூடம் எப்படிப் போவது? மற்ற பிள்ளைகள் முன்னே போனார்கள். இவன் படுக்கையில் கிடந்தான்.

அவனுடைய அம்மா மேகி அமிர்தராஜ் என்ன செய்தார் தெரியுமா? தானே பள்ளிக்கூடம் போனார்! மகனுடைய வகுப்பில் நடக்கும் பாடத்தை நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டோடு ஆஸ்பத்திரிக்கு வருவார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மகனுக்குச் சொல்லிக் கொடுப்பார்.

அந்த அம்மா சும்மா இருந்தவர் அல்ல. அட்டைப்பெட்டி செய்யும் தொழில் நடத்தினார். அட்டைப்பெட்டி வேலை என்றால் என்ன என்று நம் தாராவியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எத்தனை பேர் பெட்டி மடிக்கிறீர்கள்! அந்த வேலைக்கும் நடுவில்தான் அவர் நோட்டு எழுதினார்.

"அவங்க வசதியானவங்க, தம்பி" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். வைத்தியத்துக்கும் விளையாட்டுக்கும் செலவு செய்ய அவர்களால் முடிந்தது. நமக்கு அது முடியாது. ஆனால் பாடத்தை எழுதி எடுத்துப் போனாரே, அதற்கு என்ன செலவு? ஒரு நோட்டு, ஒரு பென்சில். அவ்வளவுதான்.

திறந்த வெளியில் ஓடி ஆடினால் பையனுக்கு நல்லது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அம்மாவும் அப்பாவும் அவனை டென்னிஸ் ஆட விட்டார்கள். மருந்து மாதிரி ஆரம்பித்த ஆட்டம் அது.

டென்னிஸ் என்றால் என்ன? நடுவில் ஒரு வலை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மட்டையால் பந்தை வலைக்கு மேலே அடிக்க வேண்டும். எதிரே இருப்பவர் திருப்பி அடிக்க முடியாவிட்டால் நமக்குப் புள்ளி. இதில் எண்ணிக்கை வேடிக்கையாக இருக்கும். முதல் புள்ளிக்கு 15. அடுத்தது 30. அடுத்தது 40. அதற்கு மேலே ஜெயித்தால் ஒரு 'கேம்'. இரண்டு கேம் வித்தியாசத்தில் ஆறு கேம் எடுத்தால் ஒரு 'செட்'. 5-5 என்று சமமாக வந்தால் ஆட்டம் 7-5 வரை போகலாம்.

பையன் வளர்ந்தான். உடம்பு தேறியது. ஆறடிக்கு மேல் உயரம். டென்னிஸே அவருடைய தொழில் ஆனது. இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. ஊர் ஊராகப் போக வேண்டும். எத்தனை சுற்று ஜெயிக்கிறோமோ, அதற்குத் தகுந்த காசு. நம்முடைய பீஸ் ரேட் வேலை மாதிரிதான்.

1973-ஆம் ஆண்டு வந்தது. விஜய்க்கு வயது 19. லண்டனில் விம்பிள்டன் போட்டி. டென்னிஸில் மிகப் பெரிய போட்டி அது. விஜய் கால் இறுதிவரை வந்துவிட்டார். எதிரே செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் யான் கோடெஷ். ஆளுக்கு இரண்டு செட் ஜெயித்தார்கள். ஐந்தாவது செட்டில் முடிவு தெரிய வேண்டும். 5-5 வரை சமம். கடைசியில் 7-5 என்று கோடெஷ் ஜெயித்தார். அந்த வருடம் கோப்பையும் அவருக்குத்தான்.

அவ்வளவு அருகில் வந்து தோற்றால் எப்படி இருக்கும்? ஆனால் விஜய் மட்டையைக் கீழே போடவில்லை. அதே வருடம் அமெரிக்கா போனார். பிரெட்டன் உட்ஸ் என்ற ஊரில் ஒரு போட்டி. இறுதி ஆட்டத்தில் ஜிம்மி கானர்ஸை வென்றார். கானர்ஸ் அடுத்த வருடமே விம்பிள்டன் கோப்பையை வாங்கியவர்!

அதன் பிறகு அமெரிக்க ஓப்பன் போட்டி. அங்கே ஆஸ்திரேலியாவின் ராட் லேவர் எதிரே நின்றார். ஒரே வருடத்தில் நான்கு பெரிய போட்டிகளையும் வென்றவர் அவர். அதையும் இரண்டு முறை, 1962-லும் 1969-லும் செய்தவர். அவரை ஐந்து செட் ஆடி விஜய் ஜெயித்தார். அங்கேயும் கால் இறுதிவரை போனார்.

மூச்சு விடவே கஷ்டப்பட்ட பையன் ஐந்து செட் ஓடினான்! ஐந்து செட் என்றால் சில மணி நேரம் ஓட வேண்டும், தெரியுமா?

1980-இல் அவர் உலக வரிசையில் 18-ஆவது இடத்துக்கு வந்தார். 1985-இல் அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் இளைஞர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. அங்கே பயின்ற லியாண்டர் பயஸ் 1996-இல் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். 2024-இல் அமெரிக்காவில் உள்ள உலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் விஜய், பயஸ் இருவர் பெயரும் சேர்க்கப்பட்டன.

இப்போது யோசித்துப் பாருங்கள். பையன் பின்தங்கினான். அது அவன் தப்பா? இல்லை. உடம்பு தப்பு. அக்கா இருபது நாள் வரவில்லை. அது அவர் தப்பா? இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. நாளைக்கு உங்களில் ஒருவருக்கு நைட் டூட்டி வரும். ஒருவர் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருப்பார். யாருக்கும் இடைவெளி வரும்.

இடைவெளி வந்தவரிடம் "நீயே ஓடி வந்து பிடி" என்று சொன்னால் போதாது. பாடம் அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அந்த அம்மா செய்தது அதுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனிமேல் யாராவது இரண்டு நாள் வராவிட்டால், அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அன்றைய பாடத்தை எழுதிக்கொண்டு போங்கள். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தால் அங்கே கொண்டு போங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தால் நமக்கும் பாடம் நன்றாகப் பதியும்.

வாசலில் நிற்கும் அக்காவுக்கு ஒரு வார்த்தை. உள்ளே வாருங்கள், அக்கா. இருபது நாள் பாடத்தையும் நான் இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இது உங்களுக்குத்தான். முதல் பக்கத்தை இப்போதே சேர்ந்து படிப்போம்.