வாசல் வடிகான் எங்கே போகிறது?



லண்டனின் கென்டன் பகுதியில் உள்ள உட்காக் பூங்கா உங்களில் பலருக்குப் பழகிய இடம். அதன் ஊடாக ஒரு சிற்றாறு ஓடுகிறது. வீல்ட்ஸ்டன் புரூக் என்று பெயர். வெம்பிளி அரங்கப் பக்கமாகப் போய் பிரென்ட் ஆற்றில் சேர்கிறது. பிரென்ட் ஆறு தேம்ஸில் சேர்கிறது. ஒரு பெருமழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். கலங்கிய சாம்பல் நிறத் தண்ணீர், சவர்க்கார நுரை, சில நாட்களில் மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். அக்கம்பக்கத்து மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள்.

"தேம்ஸுக்குக் கீழே பெரிய சுரங்கம் கட்டிவிட்டார்களே, இனி எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் இன்று உங்கள் முன் அசைத்துப் பார்க்க வந்திருக்கிறேன்.

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே தவித்தது. அதன் பிறகுதான் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் நகரின் அடியில் பெருங்கழிவுக் குழாய்களை அமைத்தார். உள் லண்டனில் மழைநீரும் மலநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. மழை மிகுந்தால் இரண்டும் சேர்ந்து ஆற்றில் வழியும். அந்த வழிதலைப் பிடித்து வைக்கத்தான் 25 கிலோமீட்டர் நீளமான டைட்வே சுரங்கம். 2025 பெப்ரவரியில் அதன் இணைப்புகள் எல்லாம் முடிந்தன. பெரிய வேலை, பாராட்டுவோம்.

ஆனால் நாம் வாழும் வெளி லண்டனின் அமைப்பு வேறு. இங்கே பெரும்பாலும் இரண்டு குழாய்கள். கழிவறை நீர் ஒரு குழாயில் மொக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீர் இன்னொரு குழாயில் நேரே சிற்றாற்றுக்குப் போகிறது. இடையில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இல்லை. உங்கள் வாசலில் உள்ள இரும்புக் கம்பி மூடி வடிகான், வீல்ட்ஸ்டன் புரூக்கின் வாய். தேம்ஸின் அடியில் எத்தனை சுரங்கம் தோண்டினாலும் அந்த வாயில் நாம் ஊற்றுவதை அது தடுக்காது.

நெடுநாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழைதான் மிகக் கொடியது. தெருவில் படிந்த எஞ்சின் எண்ணெய், பிரேக்கிலிருந்து உதிரும் செப்புத் தூள், டயர்த் துகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பிறகு கோஹோ சால்மன் மீன்கள் ஓடைகளில் செத்து மிதந்தன. டயரில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாக மாறுவதே காரணம் என்று 2020இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

கார் எல்லோருடையது என்பீர்கள். சரி, நம் வீட்டுக்கே வருவோம். நம்மில் எத்தனை பேர் வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டியிருக்கிறோம்! சமையலறை இடம் மாறும். வாஷிங் மெஷின் கராஜுக்குப் போகும். வேலையை விரைந்து முடிக்க நினைக்கும் கட்டடக்காரர், கழிவு நீர்க் குழாயைப் பக்கத்தில் இருக்கும் மழைநீர்க் குழாயில் பூட்டிவிட்டுப் போய்விடுவார். அன்று முதல் நாம் துவைக்கும் ஒவ்வொரு துணியின் அழுக்கும் சவர்க்காரமும் உட்காக் பூங்காவில் ஓடும். சில வீடுகளில் கழிவறையே அப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது. இதைத் திருத்தும் பொறுப்பு சட்டப்படி வீட்டுச் சொந்தக்காரருடையது. வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களே, இது உங்களுக்கும்தான்.

நம் ஊரான யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். கிணறே நமக்கு ஆறாக இருந்தது. சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தபோது நாம் எப்படிக் கொதித்தோம்! வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கோபம் நியாயமானது. அதே நாம் இங்கே பொரித்த எண்ணெயை வாசல் வடிகானில் ஊற்றலாமா? கார் கழுவிய நுரையையும், பெயின்ட் தூரிகை கழுவிய நீரையும், சீமெந்துத் தண்ணீரையும் அதற்குள் தள்ளலாமா?

முன் தோட்டத்தைக் கல் பதித்து மூடுவதும் இதில் சேரும். மண் குடிக்க வேண்டிய மழையைத் தெருவுக்கு விரட்டுகிறோம். தண்ணீர் ஊறாத தளத்தை முன்வாசலில் 5 சதுர மீட்டருக்கு மேல் போட்டு, வழியும் நீரைத் தெருவுக்கு விடுவதானால் 2008 முதல் இங்கிலாந்தில் திட்ட அனுமதி தேவை. நீர் ஊறும் கல்லைப் பதியுங்கள், ஓரமாக ஒரு பூப்பாத்தி விடுங்கள்.

என்ஃபீல்டில் ஃபர்ஸ் ஃபார்மில், குழாய்க்குள் புதைந்து கிடந்த ஓடையை மேலே கொண்டுவந்து நாணல் நட்டு ஈரநிலம் ஆக்கியிருக்கிறார்கள். தெருநீர் அங்கே தங்கித் தெளிந்து போகிறது. நம் மாநகர சபையிடமும் இதைக் கேட்போம். ஆற்றில் எண்ணெயோ நுரையோ கண்டால் சுற்றுச்சூழல் முகமையின் 0800 80 70 60 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.

இன்று கூட்டம் முடிந்ததும் இங்கே சாப்பாடு உண்டு. பெரிய அண்டாக்களை வெளியே வாகனத் தரிப்பிடத்தில் வைத்துக் கழுவுவது நம் மண்டபங்களில் வழக்கமாகிவிட்டது. தொண்டர்களே, இன்று மிஞ்சும் எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து வையுங்கள், அண்டாவைக் காகிதத்தால் துடைத்துவிட்டு உள்ளே சமையலறைத் தொட்டியில் கழுவுங்கள். உதவிக்கு நானும் வருகிறேன்.