ஒரே கோட்டில் நின்றவர்கள்



வாலாஜாபாத்தில் விடியற்காலை பஸ் ஏறி, ஏ.எல். முதலியார் பெயரிலான சென்னைப் பல்கலைக்கழகத் தடகளப் போட்டிக்குப் போவோமே, ஞாபகம் இருக்கா? 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்தவர் அவர். கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, வேலூர்ப் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் அங்கே ஒரே கோட்டில் நின்றோம்.

யாரோடு ஓடுவது என்பதைக் கல்லூரியின் இணைப்புதான் தீர்மானிக்கிறது. 2001இல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பிறந்ததும் வேலூர்க்காரர்களும் பிரிந்தார்கள். (நம்மில் சிலருக்கு அதில் நிம்மதிதான்!) இன்று ஒரகடம் ரோட்டில் ஒரே பஸ்ஸில் வரும் கலைக் கல்லூரிப் பையனும் பொறியியல் பையனும் தங்கள் பல்கலைக்கழகப் போட்டியில் சேர்ந்து ஓட வழியில்லை.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. இணைப்பு பார்க்காமல் சுற்றுவட்டாரக் கல்லூரிகளைக் கூப்பிட்டு வருஷத்துக்கு ஒரு ரிலே வைப்போம். சுண்ணாம்புக் கோடு போடுகிற செலவு என்னுடையது.